கிணற்று நீருக்குக் கணக்கு எங்கே?

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதக்கின்றது என்ற செய்தி 2014 ஆம் ஆண்டின் இறுதியிலும் 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் பேசப்பட்டது. மக்கள் வீதியில் அமர்ந்தனர். மேடைகளில் முழக்கம் எழுந்தது. பௌசர்களில் குடிநீர் வந்தது. குழுக்கள் பல அமைந்தன. நான்கு ஆண்டுகள் கழிந்து, 2019 ஏப்ரல் 4 ஆம் நாள் உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவனே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நிலைநாட்டி, நொதேர்ண் பவர் என்னும் தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா செலுத்த வேண்டுமென அத்தீர்ப்புப் பணித்தது. பதினேழாம் நாள் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்தன. நாட்டின் கவனம் முழுவதும் அத்துயரத்தின்பாற் சென்றது. சுன்னாகத்துக் கிணறுகளை மறந்தோம்.

தீர்ப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இலங்கையின் சுற்றாடல் வழக்குகளில் அது ஒரு மைல்கல் என்பதில் ஐயமில்லை. வடக்கின் கிணறுகளுக்காக வழக்காட முன்வந்தவர் ரவீந்திர குணவர்தன காரியவசம் என்னும் சுற்றாடல் ஆர்வலர் என்பதை நன்றியுடன் நினைவுகூரவும் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் நீதிமன்றம் தீர்ப்பது நடந்து முடிந்த குற்றத்தை. நடந்துகொண்டிருக்கும் நீரோட்டத்துக்கு எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுத முடியாது. ஆலை நின்றுவிட்டது, நீர் நிற்கவில்லை. அந்த நீரை இன்று அளப்பவர் யார்? அளந்த கணக்கு யார் கையில் இருக்கின்றது? கணக்கு இருப்பின், கிணற்றின் சொந்தக்காரனுக்கு அதன் பிரதி கிடைக்கின்றதா? வடக்கை நோக்கி மட்டும் இக்கேள்விகளை நாம் எழுப்பவில்லை. கல்முனைக் கரையில், நற்பிட்டிமுனையின் மணலில் கிணறு வெட்டி வாழும் மக்களின் பொருட்டும் எழுப்புகின்றோம்.

முதலிற் சுன்னாகத்தில் நடந்ததை நோக்குவோம். சுன்னாகத்து மின்னிலைய வளவு நேற்று முளைத்ததன்று. பல பத்தாண்டுகளாக மின்சாரம் பிறந்த இடம் அது. அதே சூழலில் 2009 ஆம் ஆண்டை அடுத்து நொதேர்ண் பவர் நிறுவனத்தின் வெப்ப மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. கன எண்ணெயை எரித்து மின்சாரம் ஆக்கும் எந்த நிலையத்திலும் கழிவெண்ணெயும் எண்ணெய் கலந்த கழுவுநீரும் சேரும். அவற்றை எங்கே, எப்படி அகற்றுகின்றனர் என்பதிலேயே ஊரின் தலைவிதி தங்கியுள்ளது. போர்க்காலத்தில் தேங்கிய பழைய எண்ணெய்க் குழி ஒன்றும் அங்கே இருந்தது. இதனால், கிணற்றில் மிதந்த எண்ணெயில் யாருடைய பங்கு எவ்வளவு என்ற வாதம் எழுந்தது. ஒவ்வொருவரும் மற்றவரை நோக்கி விரல் நீட்டினர். இறுதியில் 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தின் கட்டளையால் தனியார் மின்னிலையம் நிறுத்தப்பட்டது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மழை பெய்யும், செம்மண் அதை உறிஞ்சும், அடியிலுள்ள சுண்ணக்கல் அதைச் சேர்த்து வைக்கும். அந்தச் சுண்ணக்கல்லோ வெடிப்பும் குகையும் நிறைந்தது. நீர் அதனூடே சீராகக் கசிவதில்லை. வழி கண்ட இடத்தில் விரைந்து பாயும். ஆதலால் மின்னிலையத்தின் வேலியோரத்துக் கிணறு தெளிவாக இருக்க, அரை மைல் அப்பால் இருக்கும் கிணற்றில் எண்ணெய் வாடை வீசலாம். வெங்காயத்துக்கு இறைக்கும் நீரும் குழந்தைக்குப் பால்மா கரைக்கும் நீரும் ஒரே கிணற்றிலிருந்தே வரும் ஊர் அது.

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 ஆம், 2014 ஆம் ஆண்டுகளில் அச்சுற்றாடலில் 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றுள் 109 கிணறுகளில் எண்ணெயும் கொழுப்பும் ஏற்கத்தக்க அளவுக்கு மேற்பட்டிருந்தன. நூற்றுக்கு எழுபத்திரண்டுக்கும் மேல்! பின்னர் வட மாகாண சபை நியமித்த நிபுணர் குழுவோ ஆபத்தான எண்ணெய் மாசு இல்லை என்ற கருத்தைக் கூறியது. ஓர் அரச நிறுவனம் உண்டு என்கின்றது. மாகாண அரசு கூட்டிய நிபுணர்கள் இல்லை என்கின்றனர். கிணற்றடியில் வாளியோடு நிற்கும் வேளாளன் யாரை நம்புவான்? அவன் ஒருவரையும் நம்பவில்லை. அதில் அவன் பிழை எதுவுமில்லை.

இந்த முரண்பாட்டைக் கண்டு ஒரு சாரார் சதி என்றனர். மற்றொரு சாரார் அரசியல் என்றனர். எது எவ்வாறாயினும், முரண்பாட்டுக்கு இடங்கொடுத்தது அளவையின் குறைபாடே என்பது எம் கருத்து. எண்ணெய் என்பது ஒரு பொருளன்று. நூற்றுக்கணக்கான பொருள்களின் கலவை. நீரின் மேல் மிதக்கும் பகுதி வேறு. கண்ணுக்குத் தெரியாமல் நீரிற் கரைந்து நிற்கும் பென்சீன் முதலியன வேறு. எண்ணெயும் கொழுப்பும் என்று மொத்தமாக அளந்தால் ஓர் எண் வரும். பென்சீனைத் தனியே தேடினால் வேறோர் எண் வரும். உலக சுகாதார தாபனம் குடிநீரிற் பென்சீனுக்கு விதித்துள்ள எல்லை ஒரு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம் மட்டுமே. அவ்வளவு சிறிய அளவை நாவும் அறியாது, மூக்கும் அறியாது. இதனோடு பருவமும் சேர்கின்றது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது மிதக்கும் எண்ணெயும் உடனிறங்கி மண்ணிலும் கல்லிடுக்கிலும் ஒட்டிக்கொள்ளும். மாரியில் நீர் ஏறும்போது ஒட்டியதிற் சிறிது மீண்டும் கலக்கும். ஐப்பசியில் எடுத்த மாதிரி ஒன்றைச் சொல்ல, பங்குனியில் எடுத்தது வேறொன்றைச் சொல்லும். இரண்டும் உண்மையே. ஒருமுறை எடுத்த மாதிரியை வைத்துக்கொண்டு ஊர் பாழ் என்பதும் தவறு. ஊர் நலம் என்பதும் தவறு.

கண்காணிப்பு என்று நாம் சொல்வது இதற்கு நேர்மாறானது. ஒரே கிணறுகளை, ஒரே முறையில், கோடையும் மாரியுமாகப் பல ஆண்டுகள் அளந்து, ஒரே ஏட்டில் எழுதிவருவதே கண்காணிப்பு. நிலத்தடி நீர் எத்திசையில் ஓடுகின்றது என்பதை முதலில் அறிந்து, ஆலைக்கு மேல்நோக்கிய புறத்தில் ஒரு கிணறும், கீழ்நோக்கிய புறத்தில் தூரந்தூரமாகப் பல கிணறுகளும் தெரிந்தெடுக்க வேண்டும். மேற்புறக் கிணறு இல்லாவிடின், மாசு ஆலையிலிருந்து வந்ததா, வேறிடத்திலிருந்து வந்ததா என்று எவராலும் நிறுவ முடியாது. குடிநீர்க் கிணறுகள் மட்டும் போதா. அளப்பதற்கென்றே ஆழமும் வடிகுழாயும் தெரிந்த அவதானிப்புக் குழாய்க் கிணறுகள் வேண்டும். மாதிரியை மிட்டாய்ப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ பிடித்துப் பேருந்தில் அனுப்புவது சோதனையாகாது. எண்ணெய்ச் சோதனைக்குக் கண்ணாடிப் போத்தல் வேண்டும். கரைந்த ஆவிப் பொருளைத் தேடுவதாயின் காற்றிடம் விடாமல் நிரப்பி, குளிரில் வைத்து, எடுத்தவர் யார், எந்நேரம், எந்தக் கிணறு என்று எழுதி ஒப்பமிட்டு ஒப்படைக்க வேண்டும். நீதிமன்றத்தில் ஏறக்கூடியது அந்தக் காகிதமே. ஆலை தொடங்கும் முன்னரே அயற் கிணறுகளின் நீர் எத்தன்மையது என்ற ஆரம்பக் கணக்கு இருந்திருந்தால், சுன்னாகத்தில் யாருடைய எண்ணெய் என்ற வாதத்துக்கே பெரும்பாலும் இடமிருந்திராது.

இங்கேதான் சட்டத்தின் ஓட்டை தெரிகின்றது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தொழில் நடைபெறுவதற்கான பத்திரம். தொழில் நடக்கும் வரையில், அதைப் புதுப்பிக்கும் போதாவது ஓர் உத்தியோகத்தர் படலையைத் தட்டுவார். தொழில் மூடப்பட்டால் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லையேல் தட்டுவாரும் இல்லை. மாசு பரவுவதோ பெரும்பாலும் அதன் பின்னரே.

போபாலை எண்ணிப் பாருங்கள். 1984 திசம்பரில் நச்சுவாயு கசிந்த இரவோடு யூனியன் காபைட் ஆலை தொழிலை நிறுத்தியது. ஆனால் வளவிலும் அதன் குளங்களிலும் கிடந்த கழிவு நிலத்தில் இறங்கியது. வாயுவுக்குத் தப்பியவர்களும், அதன்பின் பிறந்தவர்களும் அயற் குடியிருப்புகளில் அந்த நிலத்தடி நீரைக் குடித்தனர். அவர்களுக்குக் குழாய்வழியே தூய நீர் வழங்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் பன்முறை பணிக்க வேண்டியிருந்தது. ஆலை வளவிற் கிடந்த 337 தொன் கழிவு அங்கிருந்து வெளியேறியது 2025 சனவரியில். நாற்பது ஆண்டுகள்! அதுவும் மண்ணின் மேலே மூட்டைகளிற் கட்டி வைத்திருந்த கழிவு. மண்ணுக்குள் இறங்கியதை மூட்டையிற் கட்ட முடியாது. அமெரிக்கா செல்வம் மிக்க நாடு. அந்நாடும் அடிபட்ட பின்னரே விழித்தது. நச்சுக் கழிவைப் புதைத்த நிலத்தின் மேல் வீடும் பாடசாலையும் கட்டிய லவ் கனால் விவகாரத்தின் பின், 1980 இல் ஒரு சட்டம் இயற்றியது. கழிவு எஞ்சியுள்ள இடங்களை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மீளாய்வு செய்ய வேண்டுமென்பது அங்குள்ள விதி. அவ்விதியின் கீழும் காலதாமதங்கள் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் மூடிய ஆலையைச் சட்டம் மறக்கவில்லை.

நம் நாட்டில் மூடிய ஆலைகளுக்குக் குறைவா? சுதந்திரத்துக்குப் பிந்திய ஆண்டுகளிற் காங்கேசன்துறையிற் சீமெந்து, பரந்தனில் இரசாயனம், வாழைச்சேனையிற் கடதாசி என மூன்று பேராலைகள் எழுந்தன. வேலையும் பெருமையும் தந்த ஆலைகள் அவை. அவற்றை இழிவுபடுத்த நாம் விரும்பவில்லை. பரந்தனில் எரிசோடாவும் குளோரீனும் ஆக்கினர். வாழைச்சேனையில் நம் வயல்களின் வைக்கோலைக் காரத்தில் அவித்துக் கடதாசி செய்தனர். போரும் நிருவாகச் சீர்கேடும் இவற்றை முடக்கின. பரந்தனையும் காங்கேசன்துறையையும் மீள எழுப்புவோம் என்ற வாக்குறுதியைத் தேர்தலுக்குத் தேர்தல் கேட்கின்றோம். எழுப்பட்டும். அதற்கு முன், அவ்வளவுகளின் கீழுள்ள நீரின் கணக்கை மேசையில் வைக்கட்டும். பழைய வளவில் புதிய ஆலை வந்து புதிய மாசும் கலந்தபின், சுன்னாகத்தில் எழுந்த அதே வாதம் அங்கும் எழும்: இது என் எண்ணெயன்று, அவன் எண்ணெய்!

இனி நம் கரைக்கு வருவோம். நற்பிட்டிமுனையிற் பேராலை எதுவும் இல்லையே, எமக்கென்ன என்று கேட்பவர் உளர். ஆலையின் அளவைப் பார்க்காதீர். காலின் கீழுள்ள மண்ணைப் பாருங்கள். மேற்கே வயல், கிழக்கே கடல். இடையில் ஓர் ஒடுங்கிய மணற்பரப்பு. அம்மணலில் மழைநீர் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு வில்லையைப்போல் மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நிற்கும் என்பது நீரியலாரின் கணக்கு. மேலே ஓரடி குறையின் கீழே நாற்பதடி உப்பு ஏறும். கையாற் பூவல் தோண்டினாலும் நீர் காணும் மண் இது. அவ்வளவு எளிதாக நீரைத் தரும் மண், மேலே கொட்டிய எதையும் அவ்வளவு எளிதாக உள்ளே விடும். சுன்னாகத்தில் ஆழத்துக் கல் செய்ததை இங்கே சில அடி மணலே செய்யும்.

இம்மணலின் மேல் நாம் எதை வைத்திருக்கின்றோம்? எரிபொருள் நிலையங்களின் நிலத்தடித் தாங்கிகள். வாகனம் கழுவி எண்ணெய் மாற்றும் பட்டடைகள். கைவிடப்பட்ட அரிசி ஆலைகளின் இயந்திரக் கூடங்கள். அயலூரான மருதமுனை நெசவுக்குப் பேர்போனது. நெசவு உள்ள இடத்திற் சாயத் தொட்டியும் உண்டு. இவற்றுள் ஏதேனும் ஒன்று கசிந்துவிட்டது என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. கசியவில்லை என்று சொல்வதற்கும் எவரிடமாவது ஏடு இருக்க வேண்டும் என்கின்றோம். இரும்புத் தாங்கி துருப்பிடிக்கும். கடல் ஓரத்தில் விரைந்து துருப்பிடிக்கும். நிலையம் மூடப்பட்டுக் காணி கைமாறி, அதன் மேல் வீடெழும்பினால், அடியிற் கிடக்கும் தாங்கியை உறுதிப் பத்திரம் காட்டாது.

கிணற்று நீரின் மேல் வண்ண வண்ணமாய் ஆடை படிந்தால் அது எண்ணெய்தான் என்று பதறுவோரும் உளர். ஒரு குச்சியால் அந்த ஆடையைக் குத்திப் பாருங்கள். சில்லுச் சில்லாய் உடைந்து, உடைந்தபடியே நின்றால் அது பெரும்பாலும் இரும்புச் சத்தை உண்ணும் நுண்ணுயிர்களின் வேலை. குத்திய இடத்தில் மீண்டும் ஓடி ஒன்றுகூடினால் அது எண்ணெய். அதன்பின் அந்நீரை அருந்தாது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் செல்லுங்கள். குச்சிச் சோதனை ஆய்வுகூடத்துக்கு ஈடாகாது; ஆனால் வதந்திக்கு அது மேலானது.

இக்கரைக்கு இவ்விடயத்தில் ஒரு படிப்பினை ஏற்கெனவே கிடைத்ததுண்டு. 2004 திசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கிழக்குக் கரையின் கிணறுகளை உப்பாக்கிற்று. உதவிக்கு வந்தோர் பம்பிகளைப் பூட்டி இறைத்தனர். மீண்டும் மீண்டும் இறைத்தனர். நல்லெண்ணந்தான், ஐயமில்லை. ஆனால் அளவுமீறி இறைத்த இடங்களிற் கீழிருந்த உப்பு மேலேறியது. கிணறுகளை வரிசையாக எடுத்து மாதந்தோறும் உப்பை அளந்துவந்த ஆய்வாளரே இதைக் கண்டறிந்தனர். மணலைக் கழுவியது பம்பி அன்று, மாரி மழை என்பதையும் அவர்களின் அளவையே காட்டியது. அளக்காமற் செய்த தொண்டு கிணற்றைக் கெடுத்தது. அளந்து காத்திருந்தது கிணற்றைக் காத்தது. அந்த அனுபவம் கண்ட கரை நாம். பின்னர்க் கொண்டவட்டவானிலிருந்து குழாய்நீர் வந்தது. கிணற்றை மறக்கத் தொடங்கினோம். குழாய் நின்ற நாளில் எங்கே ஓடுகின்றோம் என்பதை வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். தோட்டத்துக்கும் கால்நடைக்கும் இன்றும் கிணறுதான்.

ஆகவே அரசிடம் நாம் கேட்பது பெரிய திட்டமன்று. மூடப்பட்ட தொழில் வளவு ஒவ்வொன்றையும் மத்திய சுற்றாடல் அதிகாரசபை பதிவேட்டில் ஏற்றட்டும். தொழில் மூடும்போது நிலமும் நீரும் சோதிக்கப்பட்ட சான்று இன்றிக் காணி கைமாறாதிருக்கச் சட்டம் திருத்தப்படட்டும். நடத்தியவன் தொழில் தொடங்கும்போதே ஒரு தொகையை வைப்பிலிடட்டும். மூடியபின் கண்காணிப்புச் செலவு அதிலிருந்து வரட்டும். கம்பனி கலைந்தபின் யாரைப் பிடிப்பது? சோதிக்கும் ஆய்வுகூடம் கம்பனியின் கூலியையும் அமைச்சரின் தயவையும் எதிர்பாராதிருக்கட்டும். ஒவ்வொரு அளவையும் கிணற்றின் சொந்தக்காரனுக்குத் தமிழில், எண்ணும் அதன் பொருளும் சேர்த்து, எழுத்தில் வழங்கப்படட்டும். சுன்னாகத் தீர்ப்பு ஆங்கிலத்தில் உள்ளது. தன் கிணற்றின் குற்றப் பத்திரிகையைத் தானே வாசிக்க இயலாத வேளாளனுக்கு நீதி எந்த மொழியிற் கிடைத்தது?

அரசு தராவிடின் கேட்டுப் பெறவும் வழியுண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, நீர் வழங்கற் சபையிடமோ சுற்றாடல் அதிகாரசபையிடமோ மாநகர சபையிடமோ உள்ள சோதனை அறிக்கையை எந்தக் குடிமகனும் எழுத்தில் கோரலாம். தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். நம் ஊர்களிற் சட்டத்தரணிகள் குறைவில்லை. பொறியியலாளர்களும் வைத்தியர்களும் விஞ்ஞான ஆசிரியர்களும் ஊருக்கு ஊர் உளர். திருமணச் சபையிலும் பள்ளிவாசல், கோயில் நிருவாகத்திலும் முன்வரிசையில் அமர்கின்ற இவர்கள், கிணற்றுக்கு ஒரு மனு எழுதத் தயங்குவதேன்?

மற்றொன்றையும் ஒளிவுமறைவின்றிச் சொல்கின்றோம். கல்முனையிற் பிரதேச செயலகத்தின் எல்லை பற்றித் தமிழரும் முஸ்லிம்களும் பல்லாண்டாக முரண்பட்டு நிற்கின்றனர். அதன் நியாய அநியாயங்களை இங்கே ஆராயப் புகவில்லை. நற்பிட்டிமுனையில் இரு சாராரும் வேலிக்கு வேலி வாழ்கின்றனர். வேலிக்குக் கீழே இருப்பது ஒரே நீர். கிணறுகளை ஊர்வாரியாகப் பிரித்து இரண்டு குழு, இரண்டு ஏடு, இரண்டு அறிக்கை என்று தொடங்கினால், சுன்னாகத்தில் இரண்டு அறிக்கைகள் செய்த குழப்பத்தை நாமே விலைகொடுத்து வாங்கியவர்களாவோம். தமிழ் பேசும் மக்கள் இங்கே ஒரே ஏட்டை வைத்திருக்கட்டும்.

அந்த ஏட்டைத் தொடங்க ஆய்வுகூடம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கிணற்றுக் கட்டின் ஓரிடத்தில் ஒரு குறி வைத்து, அக்குறியிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று ஒரு கயிற்றால் அளக்கலாம். நிறம், வாடை, ஆடை ஆகியவற்றைத் திகதியோடு எழுதலாம். உப்பை அளக்கும் சிறு கருவி பாடசாலை ஆய்வுகூடத்தில் இருந்தால் அதையும் சேர்க்கலாம். கோடையின் அடிமட்டத்தை அளக்கப் புரட்டாசி மாதமே ஏற்றது. மாரி தொடங்கி மணல் நிறைந்துவிட்டால், அந்த அளவுக்கு அடுத்த கோடைவரை காத்திருக்க வேண்டும்.